கற்கோயிலின் காலத்தைக் கணித்தல்: திருவனந்தபுரப் பகுதியிலிருந்து சில பாடங்கள்

திருவனந்தபுரத்துக் கிழக்கேக்கோட்டை வாயிலைக் கடந்து, பத்மநாபசுவாமி கோயிலின் கோபுரத்தை நோக்கி நிற்கும் எவர்க்கும் முதலில் எழும் வினா, “இது எத்தனை ஆண்டுப் பழமையுடையது?” என்பதே. உல்லாசப் பயணமாக மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியரிடம் இவ்வினா தவறாமல் கேட்கப்படும். பழஞ்சின்னங்களைப் பார்வையிடச் செல்லும் கள அலுவலரிடம் ஊரார் கேட்பதும் இதுவே. இதற்கு வழங்கும் விடைகள் பலவாகும். ஐயாயிரம் ஆண்டு என்பாரும் உளர். முந்நூறு ஆண்டே என்பாரும் உளர். இவ்விரு சாராரும் நெடுநேரம் வழக்காடுவதையும் நாம் காண்கிறோம். உற்று நோக்கின், இரு சாராரும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை என்பது விளங்கும்.

ஒரு கற்கட்டடத்தில் குறைந்தது மூன்று வயதுகள் உள. கல்லின் வயது ஒன்று. தலத்தின் வயது மற்றொன்று. அக்கல்லை அவ்விடத்தில் வைத்துக் கட்டிய செயலின் வயது பிறிதொன்று. விஞ்ஞான முறைகள் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு நிகழ்ச்சியின் காலத்தையே அளந்து தருகின்றன. எந்த நிகழ்ச்சி அளக்கப்பட்டது என்று கேளாமல் எண்ணை மட்டும் ஏற்றுக்கொள்வதனாலேயே குழப்பம் விளைகின்றது.

கல்லின் வயது

திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள கோண்டலைட்டு, சார்னகைட்டு முதலிய பாறைகள் பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாற்றமுற்று இன்றைய வடிவை அடைந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அப்பாறையின் வயதை அளந்து கோயிலின் வயதைக் கூற முற்படுவது, களிமண்ணின் வயதைக் கொண்டு பானையின் வயதைக் கூறுவதை ஒக்கும்.

சார்னகைட்டு என்னும் பெயர் வந்த வரலாறே இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கல்கத்தா நகரோடு தொடர்புடைய ஜாப் சார்னக் என்னும் ஆங்கிலேய வணிகர் இறந்தபின், 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவருடைய கல்லறையில் சென்னைப் பக்கத்துக் கருங்கல் ஒன்று பதிக்கப்பட்டது. பிற்காலத்தில் நிலப்பொதியியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து அப்பாறை வகைக்கு அவர் பெயரையே இட்டார். சென்னைக்கு அண்மையிலுள்ள பல்லாவரப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுடையது. கல்லறையோ முந்நூற்றுச் சில்வானம் ஆண்டுகளே ஆனது. வகுப்பில் இதனைக் கூறினால் மாணவர் மறவார்.

தலத்தின் வயதும் கட்டடத்தின் வயதும்

பத்மநாபசுவாமி கோயிலைப் பற்றிய ஏட்டுச்சுவடி மரபு, திவாகர முனிவரோடு அதன் தோற்றத்தைத் தொடர்புபடுத்திக் கலியுகத்தின் முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குள் அதனை வைக்கின்றது. இது தலத்தின் புனிதத்தைப் பற்றிய மரபு. அதனை அளவுகோல் கொண்டு மெய்ப்பிக்கவோ மறுக்கவோ விஞ்ஞானத்தில் இடமில்லை. அதற்கு முயலவும் வேண்டா. ஆயின், நம்மாழ்வார் திருவாய்மொழியில் இத்தலத்தைப் பத்துப் பாசுரங்களில் பாடியுள்ளார். அவர் காலத்தை ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் 8, 9-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்பர். ஆகவே அக்காலத்தில் திருவனந்தபுரம் புகழ்பெற்ற திருத்தலமாக விளங்கியது உறுதி. இவ்வாறு ‘இதற்குப் பிற்பட்டது அன்று’ என்று வரையறுக்கும் சான்றை நாம் பின்னெல்லை எனலாம். ‘இதற்கு முற்பட்டது அன்று’ என்பதற்குரிய சான்று முன்னெல்லையாகும். இவ்விரண்டு சொற்களையும் இக்கட்டுரை முழுவதும் இப்பொருளிலேயே ஆளுவோம்.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். 1686-ஆம் ஆண்டில் இக்கோயிலில் பெருந்தீ மூண்டது. மரவேலைப்பாடு மிகுந்த கட்டடத்தில் தீ எத்துணை அழிவை விளைக்கும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. அடுத்த நூற்றாண்டில் மன்னர் மார்த்தாண்ட வர்மரே பெரும் புதுப்பிப்புப் பணியை நடத்தினார். கருவறையின் முன்னுள்ள ஒற்றைக்கல் மண்டபம், நகருக்கு அண்மையிலுள்ள திருமலைப் பகுதிப் பாறையிலிருந்து வெட்டி எடுத்த ஒரே கல்லால் ஆயது; ஏறத்தாழ 20 அடிச் சதுரமும் இரண்டரை அடிக் கனமும் உடையது. கொல்லம் 906-ஆம் ஆண்டு எடவ மாதத்தில் அது அவ்விடத்தில் வைக்கப்பட்டது என்று பதிவு கூறுகின்றது. கோபுரத்தின் அடித்தளமோ 1566-இல் இடப்பட்டது. அதன் நிலைகள் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் எழுந்தன. மேல்நிலைகள் அவர்க்குப்பின் வந்த கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில் நிறைவுற்றன. ஆகவே ஒரே கோபுரத்தில் அடிக்கும் முடிக்கும் இரு நூற்றாண்டு இடைவெளி காணப்படுகின்றது. “கோபுரத்தின் வயது என்ன?” என்னும் வினாவை, “கோபுரத்தின் எப்பகுதியின் வயது?” என்று திருத்திக் கேட்க மாணவரைப் பழக்குதல் நலம்.

கொல்லம் ஆண்டைக் கிறிஸ்து ஆண்டாக மாற்றுவது எளிது. திருவிதாங்கூர் வழக்கில் கொல்லம் ஆண்டு சிங்க மாதத்தில், அதாவது தமிழர் ஆவணியில் தொடங்குகின்றது. ஆகவே சிங்கம் முதல் திசம்பர் முடிய 824-உம், சனவரி முதல் கர்க்கடக இறுதி வரை 825-உம் கூட்டல் வேண்டும். எடவம் நம் வைகாசி. ஆதலால் 906-உடன் 825 கூட்ட 1731 கிடைக்கின்றது. வடமலபாரில் ஆண்டுப் பிறப்பு கன்னி மாதமாதலின், அப்பகுதிக் கல்வெட்டில் சிங்க மாதம் வரின் ஓராண்டு பிழைபட இடமுண்டு. நூல்களிலும் இப்பிழை காணப்படுவது உண்டு. மூலத்தில் மாதம் குறிக்கப்பட்டிருப்பின் அதனையும் ஆண்டோடு சேர்த்தே படி எடுக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

நாளை எண்ணிய மன்னன்

காலக்கணிப்பில் இப்பகுதி உலகுக்குக் காட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று கல்லில் இல்லை, செப்பேட்டில் உள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து ஓர் இடத்தைப் பெற்று, அங்கே திருமாலுக்குக் கோயில் எடுப்பித்து, அவ்வூருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு 95 சட்டர் பயிலும் சாலை ஒன்றையும் நிறுவினான். காந்தளூர்ச் சாலையை இன்றைய திருவனந்தபுர நகரத்து வலியசாலைப் பகுதியோடு பலர் இணைத்துக் கூறுவர். இச்செய்தியைக் கூறும் செப்பேடுகள் திருவனந்தபுரம் ஹஜூர் அலுவலகத்தில் இருந்தமையால் அப்பெயராலேயே அறியப்பட்டன. திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த து.அ. கோபிநாத ராவ் அவர்கள் அவற்றைத் திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையில் வெளியிட்டார். பார்த்திவசேகரபுரம் 1956 முதல் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

அச்செப்பேடு ஆட்சியாண்டோடு நில்லாமல், கலியுகத்தில் சென்ற நாட்களின் எண்ணிக்கையையே தருகின்றது: பதினான்கு இலட்சத்து நாற்பத்தொன்பதினாயிரத்து எண்பத்தேழு. இஃது ஓர் ஆண்டுக் கணக்கன்று. ஒரு குறிப்பிட்ட நாளைச் சுட்டும் எண். இதனை வகுப்பிலேயே கணித்துக் காட்டலாம்.

பழைய பஞ்சாங்க முறையில் சூரிய ஆண்டின் நீளம் 365.25868 நாட்கள். 1449087-ஐ இதனால் வகுக்க ஈவு 3967. மீதி ஏறத்தாழ 106 நாட்கள். எனவே கலியுகத்தில் 3967 ஆண்டுகள் முழுமையாகக் கழிந்து, அடுத்த ஆண்டில் 106 நாட்கள் சென்றிருந்தன. கலியுகத் தொடக்கம் கி.மு. 3102, கி.மு. ஒன்றுக்கும் கி.பி. ஒன்றுக்கும் இடையில் சுழி ஆண்டு இல்லாமையால், சென்ற கலியாண்டிலிருந்து 3101-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது 866. அந்நாளைய ஜூலியன் நாட்காட்டியில் மேஷப் பிறப்பு மார்ச்சு மாதத்தின் நான்காம் வாரத்தில் நிகழ்ந்தது. அதிலிருந்து 106 நாட்களை எண்ணினால் கி.பி. 866, ஜூலை மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் வந்து நிற்கின்றோம். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் ஒரு நிகழ்ச்சியை ஒரு வாரத்துக்குள் குறிக்க இயல்கின்றது. இன்றைய ஆய்வுக்கூடக் கருவி எதனாலும் இத்துணை நுட்பம் பெறல் அரிது.

விருப்பமுள்ள மாணவர் மற்றொரு கணக்கையும் செய்யலாம். மேல்புத்தூர் நாராயண பட்டதிரி நாராயணீயத்தை நிறைவு செய்த நாளை எழுத்தெண் முறையால் 1712210 என்ற கலிநாளாகக் குறித்துள்ளார். விடை 1586-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியாக வரல் வேண்டும். வாராவிடின் வகுத்தலைச் சரிபார்க்க.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. செப்பேட்டின் நாள், அதிற்கூறிய செயலின் நாளாகும். இன்று பார்த்திவசேகரபுரத்தில் காணும் ஒவ்வொரு கல்லும் 866-இல் வைக்கப்பட்டது என்று அது கூறவில்லை. பின்னர்ச் செய்த திருப்பணியில் மாற்றிய கல்லும், சேர்த்த கல்லும் அங்கு இருத்தல் இயல்பே.

கல்வெட்டில் ஆண்டெண் சிதைந்திருப்பினும் வழி முற்றிலும் அடைபடுவதில்லை. சேரநாட்டுப் பழங்கல்வெட்டுகள் பல, சூரிய மாதத்தோடு வியாழன் நின்ற இராசியையும் கூறுகின்றன. வியாழன் இராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டு ஆகின்றது. எனவே ஒரே இராசியில் அது ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை நிற்கும். எழுத்தின் வடிவைக் கொண்டு கல்வெட்டு ஒரு நூற்றாண்டுக்குள் அடக்கப்படுமாயின், வியாழனின் நிலையால் எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகளே எஞ்சும். அரசன் பெயரோ வேறு குறிப்போ கிடைப்பின் அவற்றுள் ஒன்று தேறும். வட்டெழுத்தைப் படி எடுக்கும் அலுவலர், ‘வியாழம்’ என்னும் சொல்லும் அதன்முன் உள்ள இராசிப் பெயரும் விடுபடாதபடி மைப்படி எடுத்தல் வேண்டும்.

கார்பன்-14 எங்கே உதவும், எங்கே உதவாது?

1940-களின் இறுதியில் அமெரிக்க விஞ்ஞானி லிபி வகுத்த கார்பன்-14 முறையைப் பலரும் அறிவர். அதற்காக அவர் 1960-இல் நோபல் பரிசு பெற்றார். உயிருள்ள மரம் காற்றிலிருந்து கரியமிலவாயுவை ஏற்கும்போது கதிரியக்கமுடைய கார்பன்-14-ஐயும் சிறிதளவு ஏற்கின்றது. மரத்தில் ஒரு வளையம் உருவாகி முடிந்தபின் அவ்வளையத்துக்குப் புதிய வரவு இல்லை. இருப்பது மட்டும் சிதைந்து 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகின்றது. ஆயிரம் ஆண்டுப் பழைய மரத்தில் தொடக்க அளவின் 88.6 விழுக்காடும், முந்நூறு ஆண்டு மரத்தில் 96.4 விழுக்காடும் எஞ்சும். நம் நாட்டில் டில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் போன்ற நிலையங்களில் சில மில்லிகிராம் கரியைக் கொண்டே இதனை அளக்க இயலும்.

கருங்கல்லில் அளத்தற்குரிய கரி இல்லை. ஆகவே கட்டடத்தோடு ஒருங்கே இடம்பெற்ற மரம், கரித்துண்டு, சுண்ணாம்புச் சாந்து முதலியவற்றையே நாடவேண்டும். அவ்வாறு நாடுமிடத்து மூன்று இடர்கள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது, மரத்தின் வயது கட்டடத்தின் வயதன்று. இருநூறு ஆண்டு வளர்ந்த தேக்கின் நடுவிலிருந்து எடுத்த மாதிரி, மரம் வெட்டப்பட்ட நாளினும் இருநூறு ஆண்டு முற்பட்ட காலத்தையே காட்டும். பழைய மாளிகையின் உத்தரத்தைப் புதிய கோயிலுக்குப் பயன்படுத்துவதும் நம் தச்சரிடையே வழக்கம். அன்றியும் கேரளக் கோயில்களில் அதிட்டானம் கருங்கல்லாகவும், சுவர் செம்பூரான்கல்லாகவும், கூரை மரச்சட்டத்தின்மேல் வேய்ந்த செம்புத் தகடாகவும் அமைவது பெருவழக்கு. மரக்கூரை மழையாலும் செல்லாலும் தீயாலும் பலமுறை மாற்றப்படும். கீழுள்ள கல் அடித்தளமோ அப்படியே இருக்கும். கூரையின் கார்பன் கணக்கு அடித்தளத்தின் காலத்தைக் கூறாது. அதற்குப் பின்னெல்லை ஒன்றை மட்டுமே தரும்.

இரண்டாவது இடர் வானத்திலிருந்து வருகின்றது. காற்றில் கார்பன்-14-இன் அளவு எக்காலத்தும் ஒரே சீராக இருந்ததில்லை. ஆகவே ஆய்வுக்கூட எண்ணை மரவளையங்களால் அமைத்த திருத்தக் கோட்டோடு ஒப்பிட வேண்டும். அக்கோடு சுமார் 1650 முதல் 1950 வரை ஏறியும் இறங்கியும் செல்கின்றது. அதனால் 1700-ஐ ஒட்டிய ஒரு மரத்துண்டை அளந்தால், 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 18-ஆம் நூற்றாண்டு, 19-ஆம் நூற்றாண்டு ஆகிய மூன்றும் ஒருங்கே விடையாக வரக்கூடும். பத்மநாபசுவாமி கோயிலின் 1686-ஆம் ஆண்டுத் தீக்கும் 1731-ஆம் ஆண்டு மண்டபத்துக்கும் இடைப்பட்ட வினாக்களுக்கு இம்முறை பெரும்பாலும் பயன்படாது என்பதைத் தயக்கமின்றிக் கூறலாம். இங்கே மதிலகம் ஆவணங்கள் எனப்படும் ஓலைகளே கருவியினும் சிறந்த சான்று. விஞ்ஞான முறை என்றவுடன் ஏட்டுச் சான்றைத் தாழ்த்தி நினைப்பது ஒரு பிழை. எச்சான்று நுட்பமானதோ அதனை முற்படக் கொள்வதே விஞ்ஞான நோக்கு.

இக்குறையை ஓரளவு நீக்கக்கூடியது மரவளைய எண்ணிக்கை. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக அமைவதில்லை. தேக்கு இதற்கு விலக்கு. மழை மிகுந்த ஆண்டில் அகன்றும், வறண்ட ஆண்டில் ஒடுங்கியும் அதன் வளையங்கள் அமைகின்றன. புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் தென்னிந்தியத் தேக்கு மரங்களிலிருந்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு நீண்ட வளையத் தொடர் ஒன்றை அமைத்து 2010-இல் வெளியிட்டனர். பருவமழையின் வரலாற்றை அறியவே அது அமைக்கப்பட்டது. எனினும், பழைய தேக்கு உத்தரத்தின் வளைய வரிசை அத்தொடரின் ஒரு பகுதியோடு பொருந்துமாயின் உத்தரத்தின் காலத்தையும் அதனால் அறியக்கூடும். தச்சர் வெள்ளைப் பகுதியைச் செதுக்கி நீக்கிவிட்டு, வைரம் பாய்ந்த உட்பகுதியையே உத்தரமாக்குவர். ஆதலால் கிடைப்பது முன்னெல்லை மட்டுமே. பட்டையின் அடையாளம் ஒரு மூலையிலேனும் எஞ்சியுள்ள உத்தரம் கிடைத்தால் அது பெறற்கரிய செல்வம். புதுப்பிப்பின்போது அதனை விறகுக்கு விடுதல் ஆகாது.

மூன்றாவது இடர் சாந்தைப் பற்றியது. நீற்றிய சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொள்கின்றது. அக்கார்பன் கட்டிய ஆண்டிற்கே உரியது. ஆகவே சாந்து நேரே கட்டடச் செயலின் காலத்தைக் கூறவல்லது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஓலந்துத் தீவுகளின் நடுக்காலக் கற்கோயில்களில் இம்முறையை விரிவாகக் கையாண்டுள்ளனர். ஆயின் கேரளத்துச் சுண்ணாம்பு பெரும்பாலும் உப்பங்கழிக் கிளிஞ்சலைச் சுட்டுப் பெற்றது. காளவாயில் முற்றும் வேகாத கிளிஞ்சல் துணுக்கு சாந்தில் கலந்திருப்பின், அதிலுள்ள பழைய கார்பன் விடையைப் பல நூற்றாண்டு பின்தள்ளிவிடும். வெள்ளைத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியும் சாந்தை அனுப்பும்போது அதனைக் குறிப்பில் எழுத வேண்டும். மாறாகச் சாந்தினுள் சிக்கிய சிறு விறகுக்கரித்துண்டு கிடைப்பின் அதனையும் தனியே எடுத்து அனுப்புவது நன்று. இரு விடைகளும் ஒன்றையொன்று சோதிக்கும்.

இருளை நினைவில் வைத்திருக்கும் கல்

சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய கட்டடத்துக்கு என் செய்வது? தென்னாட்டுக் கற்றளிகளில் இவ்வகையே மிகுதி. இதற்கென எழுந்ததே ஒளிர்வு முறை.

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய கனிமங்கள் தம்மைச் சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தின் ஆற்றலைச் சிறிது சிறிதாகத் தம் படிகக் குறைகளில் சேமிக்கின்றன. கடும் வெப்பமோ சூரிய ஒளியோ பட்டால் அச்சேமிப்பு வெளியேறிக் கணக்கு சுழியாகின்றது. செங்கல்லாயின் சூளையில் சுட்ட நாள் அதன் சுழி நாள். செதுக்கிய கருங்கல்லாயின், வெயிலில் கிடந்த அதன் முகத்தின்மேல் அடுத்த கல் ஏறி ஒளியை மறைத்த நாள் சுழி நாளாகும். அன்று முதல் இணைப்பின் உட்புற இருளில் சேமிப்பு மீண்டும் வளர்கின்றது. கிரேக்க நாட்டு அறிஞர் லிரிட்சிஸ் 1994 முதல் மைசீனிக் காலக் கட்டடத்திலும், பின்னர் எகிப்தியச் சின்னங்களிலும் இம்முறையைக் கற்களுக்குப் பயன்படுத்தினார். இங்கே அளக்கப்படும் நிகழ்ச்சி நாம் வேண்டும் நிகழ்ச்சியேயாகும்: கல்மேல் கல் வைத்த நாள்.

கணக்கு எளியது. சேர்ந்த மொத்த அளவை ஆண்டு அளவால் வகுத்தால் ஆண்டுகள் கிடைக்கும். ஒரு கல்லில் சேர்ந்தது 3 கிரே என்றும், ஆண்டுதோறும் சேர்வது 3 மில்லிகிரே என்றும் கொண்டால் வயது 1000 ஆண்டு. இங்கேதான் திருவனந்தபுரத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் பணியாற்றும் அலுவலர் விழிப்பாக இருத்தல் வேண்டும். மணவாளக்குறிச்சி, சவறை முதலிய இடங்களின் கடற்கரை மணலில் தோரியம் செறிந்த மோனசைட்டு மிகுந்துள்ளது. இப்பகுதிப் பாறைகள் சிலவற்றிலும் அது உண்டு. மேற்கூறிய கல்லின் உண்மையான ஆண்டு அளவு 5 மில்லிகிரேயாக இருக்க, நாம் பொது அளவாகிய 3-ஐக் கொண்டு வகுத்தால், 600 ஆண்டுக் கட்டடத்தை 1000 ஆண்டினது என்று அறிவித்துவிடுவோம். ஆதலால் ஆண்டு அளவை அவ்விடத்திலேயே கருவி வைத்து அளத்தல் இன்றியமையாதது. ஈரமும் கதிரைச் சற்று மறைக்கும். ஆண்டில் பல மாதம் மழையில் நனையும் நாட்டில் இதனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாம் செவ்வனே செய்தாலும் பிழை வரம்பு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை நிற்கும். ஆயிரம் ஆண்டுக்கு அது ஐம்பது முதல் நூறு ஆண்டாகும். சோழர் காலத்ததா, விசயநகரக் காலத்ததா என்பதற்கு இது போதும். எம்மன்னன் என்பதற்குப் போதாது.

கோபுரச் சாளரங்களில் சூரியன்

சம இரவு நாட்களில் அந்திச் சூரியன் பத்மநாபசுவாமி கோபுரத்தின் சாளரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி இறங்கும் காட்சியைக் காண ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். காணத்தக்க காட்சியே. இதனைக் கொண்டு கோயிலின் தொன்மையை வானநூல் முறையால் நிறுவலாம் என்று கூறுவதும் அவ்வப்போது செவிப்படுகின்றது. அது பொருந்தாது. மார்ச்சு, செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாளில் சூரியன் நேர் மேற்கில் மறைவது இன்றும், ஆயிரம் ஆண்டுக்கு முன்பும், ஐயாயிரம் ஆண்டுக்கு முன்பும் ஒன்றே. சங்கு நட்டு நிழலளந்து கிழக்கு மேற்கை நுட்பமாக வரையறுத்த சிற்பியரின் திறமைக்கு அக்காட்சி சான்று. அவர்களின் காலத்துக்குச் சான்றன்று.

அயன முடிவு நாட்களில் சூரியன் மறையும் இடம் காலப்போக்கில் மாறுவது உண்மை. ஆயின் பூமியின் அச்சுச் சாய்வு ஆயிரம் ஆண்டில் ஒரு பாகையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே மாறுகின்றது. சூரிய வட்டத்தின் அகலமோ அரைப் பாகை. விண்மீன்களை நோக்கி அமைத்த கட்டடமாயின் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் அயனச் சலனம் கணக்கிட உதவும். ஆனால் கட்டியவர் எந்த விண்மீனை நோக்கினர் என்பதற்கு எழுத்துச் சான்று முதலில் வேண்டும்.

எழுத்தும் சாந்தும் இல்லாத இடம்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடற்கரையில் விழிஞம் என்னும் ஊரில் சிறு குடைவரைக் கோயில் ஒன்று உள்ளது. ஒரே அறை, அதில் வீணாதர தட்சிணாமூர்த்தியின் திருவுருவம். வெளிப்பாறையின் இருபுறமும் சிவபெருமானின் புடைப்புச் சிற்பங்கள் முற்றுப்பெறாத நிலையில் உள்ளன. கல்வெட்டு இல்லை, சாந்து இல்லை, மரம் இல்லை. பாறையைக் குடைந்ததாதலால் கல்மேல் கல் வைத்த இணைப்பும் இல்லை. மேற்கூறிய முறைகள் யாவும் இங்கே கைவிடுகின்றன.

எஞ்சுவது ஒப்பீடு. உருவங்களின் நிலை, ஆடை, அணி ஆகியவற்றைக் காலம் அறிந்த பிற குடைவரைகளோடு ஒப்பிட்டு அறிஞர் இதனை 8-ஆம் நூற்றாண்டினது என்பர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையனின் செப்பேடு விழிஞத்தின் மேற்சென்று வேள் மன்னனை வென்றதைக் கூறுகின்றது. அவ்வூர் அந்நாளிலேயே சிறந்திருந்தது என்பதற்கு அது துணைச்சான்று. சிற்பங்கள் பாதியில் நின்றதற்கு அப்போரே காரணம் என்று கூற மனம் விழைகின்றது. ஆயினும் முற்றுப்பெறாத உளிவேலை, பணி நின்றது என்பதை மட்டுமே கூறுகின்றது, ஏன் நின்றது என்பதைக் கூறவில்லை. ஒப்பீட்டு முறையைத் தாழ்ந்ததாகக் கருத வேண்டா. காலம் அறிந்த மாதிரிகள் பெருகப் பெருக அதன் நுட்பமும் பெருகும். அம்மாதிரிகளின் காலத்தை அறியக் கல்வெட்டு வேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது.

களத்தில் கவனிக்க வேண்டுவன

இதுகாறும் கூறிய சான்றுகள் எல்லாம் ஒரே வாரத் திருப்பணியில் அழியக்கூடியவை. கல்லின் கருமையைப் போக்க உயரழுத்தத்தில் மணலை வீசித் தேய்ப்பது எழுத்தின் ஓரங்களையும் உளியின் தடங்களையும் தேய்த்துவிடுகின்றது. தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் இதனால் விளைந்த தீங்கு பலரும் அறிந்ததே. பழைய சுண்ணாம்புச் சாந்தைச் சுரண்டிச் சிமெண்டு இடுவோர், கட்டிய ஆண்டின் கார்பனையும் உடன் அப்புறப்படுத்துகின்றனர். அதிட்டானக் கற்களைப் பிரித்து, எண்ணிட்டு, வெயிலில் பரப்பி, மீண்டும் அடுக்கும் பணி நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதே. ஆயினும் பரப்பிய சில நாட்களிலேயே கல்லின் உள்முகத்தில் ஆயிரம் ஆண்டாகச் சேர்ந்த ஒளிர்வுக் கணக்கு அழிந்து சுழியாகின்றது. பின்னர் அளந்தால் திருப்பணி நடந்த ஆண்டே விடையாக வரும்.

ஆகவே கல் பிரிக்கும் பணி நிகழவிருப்பதை அறிந்தவுடன், பணி தொடங்குமுன் தொல்பொருள் துறைக்கு எழுதுதல் வேண்டும். அதிட்டானத்தின் இணைப்பு ஒன்றைத் திறக்கும்போது வல்லுநர் இருப்பின், கறுப்புத் துணிக்கூடாரத்தினுள் மங்கிய சிவப்பு விளக்கொளியில், இணைப்பு முகத்திலிருந்து சில மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு சில்லை எடுப்பர். அதனை நீரால் கழுவலாகாது. கையொளியில் பார்க்கவும் ஆகாது. ஒளிபுகாத கறுப்புத் தாளில் இருமுறை சுற்றித் தகர டப்பாவில் வைக்க வேண்டும். கரித்துண்டைக் கையால் தொடாமல், சிறு கரண்டியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுக. பருத்தி, காகிதம், பீடிச்சாம்பல் இவற்றின் துகளும் விடையைக் கெடுக்கும். வெளியுறையில் நாள், இடம், கல்வரிசை, திசை, தரையிலிருந்து உயரம், அண்மையில் புதுச் சாந்து உண்டா என்பது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. மை ஈரத்தில் அழியும். அவ்விணைப்பின் வரைபடம் ஒன்றும், கல் பிரிக்குமுன் எடுத்த நிழற்படம் ஒன்றும் உடன் செல்லல் வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இம்மாதிரிகளை எடுக்க முயலாமல், வரைபடமும் நிழற்படமும் கல்வெட்டு உள்ள இடத்தின் குறிப்பும் அனுப்பினாலே போதுமானது.